பெம்மிகன்: உலர்ந்த இறைச்சியும் உருக்கிய கொழுப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெம்மிகன் என்பது என்ன?

வட அமெரிக்காவின் நடுவே விரிந்து கிடக்கும் புல்வெளிகளில் வாழ்ந்த கிரீ, பிளாக்ஃபுட், லக்கோட்டா, ஒஜிப்வே முதலிய தொல்குடி மக்களும், தொல்குடிப் பெண்களுக்கும் ஐரோப்பிய வணிகர்களுக்கும் பிறந்த வழியில் தனி மக்களினமாக உருவான மேட்டி மக்களும் செய்துவந்த சேமிப்பு உணவு இது. பைசன் என்னும் பெரிய காட்டு மாட்டின் இறைச்சியை ஈரம் சிறிதும் இல்லாமல் உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, உருக்கிய கொழுப்பை ஊற்றிப் பிசைந்து, தோல் பைகளில் அடைத்து வைத்தார்கள். சில இடங்களில் உலர்ந்த காட்டுப் பழங்களும் சேர்க்கப்பட்டன. லக்கோட்டா மக்கள் இதற்கு நெருக்கமான தங்கள் உணவை வஸ்னா என்கிறார்கள். அடிப்படை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: காய்ந்த இறைச்சி, தூய கொழுப்பு, இரண்டிலும் தண்ணீர் இல்லாமை.

பழங்காலத்தில் இதை யார், எப்படிச் செய்தார்கள்?

செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வேட்டைத் தலைவர்களின் பெயர்களும் வணிகக் குழுமங்களின் கணக்குகளும் ஏடுகளில் நிறைய இருக்கின்றன; இந்த உணவைத் தம் கையால் ஆக்கிய பெண்களின் பெயர்கள் அவற்றில் அநேகமாக இல்லை. ஒரு பெரிய வேட்டை முடிந்ததும் தொடங்கும் வேலையின் அளவை எண்ணிப் பார்த்தால், இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது விளங்கும். 1840ஆம் ஆண்டு, இன்றைய கனடாவின் வினிபெக் பகுதியில் இருந்த செவ்வாற்றுக் (ரெட் ரிவர்) குடியேற்றத்திலிருந்து புறப்பட்ட மேட்டி வேட்டைக் கூட்டத்தில் 1,210 வண்டிகளும், ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக 1,630 பேரும் இருந்தார்கள் என்று உடன் சென்ற அலெக்சாண்டர் ராஸ் எழுதி வைத்திருக்கிறார். முதல் வேட்டையின் முடிவில் 1,375 பைசன் நாக்குகள் முகாமுக்கு வந்து சேர்ந்தன என்பதும் அவர் தந்த கணக்கே. கோடை வெயிலில் அத்தனை இறைச்சியும் கெடுவதற்குள் அறுத்து உலர்த்தப்பட வேண்டும்.

கொழுப்பில்லாத சதையைப் பெண்கள் கத்தியால் சுருள் பிரிப்பதுபோலச் சுற்றிச் சுற்றி அறுத்து, அகலமான மெல்லிய தகடுகளாக விரித்து, மரக்கொம்புகளால் கட்டிய பரண்களில் தொங்கவிட்டார்கள். வெயிலும் காற்றும் பெரும்பகுதி வேலையைச் செய்தன. அடியில் மூட்டிய சிறு நெருப்பின் புகை ஈக்களை விரட்டியது. மொறமொறவென்று காய்ந்த தகடுகளைத் தோல் விரிப்பின்மேல் போட்டு, கல் சம்மட்டியாலோ தடிகளாலோ நாராகவும் தூளாகவும் ஆகும்வரை அடித்தார்கள். மறுபக்கம் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது. உலோகக் கொப்பரைகள் வருவதற்கு முன்பு, தோலை உள்ளே விரித்த குழியில் நீரை ஊற்றி, நெருப்பில் பழுத்த கற்களை அதில் இட்டுக் கொதிக்கவைத்து, உடைத்த எலும்புகளிலிருந்து மேலே மிதந்துவரும் கொழுப்பை வழித்தெடுத்தார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், மலை விளிம்பிலிருந்து பைசன்களை விரட்டி வீழ்த்தி வேட்டையாடிய ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் என்னும் இடத்தில் இத்தகைய குழிகளும் நெருப்பில் வெடித்த கற்களும் கிடைத்திருக்கின்றன. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை கொண்ட அந்த இடம் 1981இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

இறுதியில் தூளும் சூடான கொழுப்பும் கலக்கப்பட்டு, மயிர்ப்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்த பைசன் தோல் பையில் திணிக்கப்பட்டன. வாயைத் தைத்து மூடி, சூடு ஆறுவதற்குள் பையைத் தட்டையாக அழுத்தி, கொழுப்பு ஒரே பக்கம் தங்கிவிடாதபடி அவ்வப்போது புரட்டிப் போட்டார்கள்.

இது ஏன் எளிதில் கெடுவதில்லை?

இறைச்சியைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வளர்வதற்குத் தண்ணீர் வேண்டும். பச்சை இறைச்சியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர்தான். அதை வெளியேற்றிவிட்டால் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருக வழியில்லை. உணவில் நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய ஈரத்தை அறிவியலார் நீர்ச்செயல்பாடு என்ற அளவால் குறிக்கிறார்கள். தூய நீருக்கு அது 1; அந்த அளவு 0.6க்குக் கீழே இறங்கினால் எந்த நுண்ணுயிரும் வளர்வதில்லை.

கொழுப்பின் பங்கு இதற்கு அடுத்தது. அது தூளின் ஒவ்வொரு துகளையும் சூழ்ந்துகொண்டு, காற்றிலுள்ள ஈரம் திரும்ப உள்ளே புகாமலும் ஆக்சிஜன் எளிதில் எட்டாமலும் தடுக்கிறது. ஆனால் கொழுப்பே இறைச்சியைக் காப்பாற்றுகிறது என்று நினைத்து, அரைகுறையாக உலர்ந்த இறைச்சியைக் கொழுப்பில் மூழ்கடிப்பது பெரும் ஆபத்து. போட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா காற்றில்லாத இடத்தில்தான் வளரும். ஈரமான இறைச்சியைச் சுற்றிக் கொழுப்பு மூடியிருந்தால், அதற்கு வேண்டிய காற்றற்ற இடத்தை நாமே அமைத்துக் கொடுத்தவர்கள் ஆவோம். அந்த நச்சு உணவின் மணத்தையோ நிறத்தையோ மாற்றாமலும் இருக்கக்கூடும். ஆகையால் இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும், முழுமையாக உலர்த்த வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ஒரு பயண உணவுக்காகச் சண்டை நடந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மான்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்ட நார்த் வெஸ்ட் கம்பெனி, கண்டத்தின் வடமேற்கிலுள்ள அதபாஸ்கா பகுதிவரை படகுகளை அனுப்பி மென்மயிர்த் தோல்களை வாங்கியது. ஆறுகள் உறையாமல் இருக்கும் காலம் குறுகியது. துடுப்பு வலிப்பவர்கள் வழியில் நின்று வேட்டையாடினால் பனி வருவதற்குள் திரும்ப முடியாது. படகில் சரக்கு ஏற்ற வேண்டிய இடத்தை உணவும் அடைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு சிக்கல்களுக்கும் பெம்மிகனே விடையாக அமைந்தது. ஒரு பையின் எடை சுமார் 90 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 41 கிலோ. அருவிகளைக் கடக்கத் தரைவழியே தோளில் சுமந்து செல்லும் சரக்குப் பொதியின் எடையும் அதுவே என்பதால், பை அந்தப் போக்குவரத்தில் அப்படியே பொருந்திக்கொண்டது. இவ்வாறு புல்வெளி மக்களின் உணவு, கண்டம் முழுவதும் ஓடிய ஒரு வணிகத்தின் எரிபொருளாயிற்று.

இந்த நிலையில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த செல்கர்க் பிரபு செவ்வாற்றங்கரையில் ஒரு குடியேற்றத்தை நிறுவினார். குடியேறியவர்கள் பசியில் இருந்ததைக் காரணம் காட்டி, அதன் ஆளுநர் மைல்ஸ் மெக்டோனல் 1814 ஜனவரி 8 அன்று, அப்பகுதியிலிருந்து பெம்மிகன் உள்ளிட்ட உணவுப் பொருள்களை வெளியே கொண்டு செல்வதைத் தடை செய்தார். அதை விற்று வாழ்ந்த மேட்டி மக்களுக்கும், அதை நம்பிப் படகு செலுத்திய கம்பெனிக்கும் அது பேரிடியாக இருந்தது. மேட்டி மக்கள் தங்கள் நிலத்தில் தங்கள் உழைப்பில் விளைந்ததை விற்பதற்கு, புதிதாக வந்த ஒருவர் விதித்த தடையை ஏற்காததில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. பூசல் முற்றி, 1816 ஜூன் 19 அன்று, இன்றைய வினிபெக் நகரத்துக்குள் அடங்கிய செவன் ஓக்ஸ் என்னும் இடத்தில் மோதல் வெடித்தது. பெம்மிகனைக் கம்பெனிப் படகுகளுக்குக் கொண்டுசென்ற மேட்டித் தலைவர் கத்பர்ட் கிராண்டின் கூட்டத்துக்கும், மெக்டோனலுக்குப் பின் ஆளுநரான ராபர்ட் செம்பிளின் ஆட்களுக்கும் இடையே நடந்த அந்த மோதலில் செம்பிள் உட்பட 21 பேர் ஒரு பக்கத்திலும், ஒருவர் மறுபக்கத்திலும் இறந்தனர். 1821இல் நார்த் வெஸ்ட் கம்பெனி, தன் போட்டி வணிகக் குழுமமான ஹட்சன் பே கம்பெனியோடு இணைந்தது.

வீட்டில் செய்வதற்கு எந்த இறைச்சி ஏற்றது?

கொழுப்பு மிகக் குறைந்த மாட்டுத் தொடைக்கறி சிறந்தது. பைசன் கிடைக்கும் நாடுகளில் இருப்பவர்கள் அதையே வாங்கலாம். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஆட்டின் தொடைக்கறியைப் பயன்படுத்தலாம். மணம் மாறுபடும், முறை மாறாது. கோழியும் பன்றியும் இதற்கு வேண்டாம் என்பேன், ஏனெனில் அவற்றின் கொழுப்பு மென்மையானது, விரைவில் காறல் எடுக்கும். வேட்டை விலங்குகளின் இறைச்சியில், குறிப்பாகக் கரடி இறைச்சியில், டிரிக்கினெல்லா என்னும் புழு இருக்கக்கூடும். உலர்த்துவது மட்டும் அதை அழித்துவிடும் என்று நம்பக் கூடாது.

எந்த இறைச்சியானாலும் கண்ணுக்குத் தெரியும் கொழுப்பையும் சவ்வையும் முதலில் நீக்கிவிட வேண்டும். பின்னால் கொழுப்பைத்தான் சேர்க்கப் போகிறோமே என்று தோன்றலாம். ஆனால் சதையோடு ஒட்டிய பச்சைக் கொழுப்பில் ஈரமும் திசுவும் கலந்திருப்பதால், உலர்த்தும்போதே அது கெடத் தொடங்கும்.

இறைச்சியை எவ்வாறு பாதுகாப்பாக உலர்த்துவது?

அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து இறுகச் செய்தால் மெல்லியதாக அரிவது எளிதாகும். மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகக் கூடாது.

பழங்கால முறையில் இறைச்சி பச்சையாகவே உலர்த்தப்பட்டது. இன்று கடையில் வாங்கும் இறைச்சிக்கு அதே நம்பிக்கையைக் கொடுக்க முடியாது, ஏனெனில் சால்மொனெல்லாவும் சில வகை ஈகோலி பாக்டீரியாவும் மெதுவான உலர் வெப்பத்தில் தாக்குப்பிடிக்கும் தன்மை கொண்டவை. ஆகவே உலர்த்துவதற்கு முன்பே இறைச்சியின் உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸை எட்டும்படி நீராவியிலோ ஓவனிலோ சூடாக்கிவிட வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை அறிவுறுத்துகிறது. அதன் பிறகு உலர்த்தும் கருவியில் 54 முதல் 60 டிகிரி வெப்பத்தில், காற்று நன்றாக ஓடும்படி துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி உலர்த்தலாம். கருவி இல்லாதவர்கள் ஓவனைக் குறைந்த சூட்டில் வைத்து, ஈரம் வெளியேறக் கதவைச் சற்றே திறந்து வைக்கலாம்.

போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. துண்டை ஆறவிட்டு வளைத்துப் பாருங்கள்: வளைந்தால் இன்னும் காயவில்லை, வளைந்து நார் தெரிய விரிந்தாலும் நொறுக்குத்தீனியாகத் தின்பதற்குப் போதுமே தவிர இதற்குப் போதாது, பட்டென்று ஒடிய வேண்டும். ஒரு கிலோ இறைச்சி கால் கிலோவை ஒட்டிய எடைக்கு வந்திருக்கிறதா என்று நிறுத்துப் பார்ப்பது இன்னும் உறுதியான வழி. காய்ந்ததை உரலில் இடிக்கலாம், மிக்சியில் விட்டு விட்டு அரைக்கலாம். முழுவதும் மாவாகாமல் சிறிது நார் எஞ்சியிருந்தால் கொழுப்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கொழுப்பை எப்படி உருக்குவது?

குண்டிக்காயைச் சுற்றியிருக்கும் கொழுப்பைக் கேட்டு வாங்குங்கள். உடலின் மற்ற இடங்களில் உள்ளதைவிட இது கெட்டியானது, அறை வெப்பத்தில் உதிரும் அளவுக்கு இறுகி நிற்பது, நெடுநாள் காறாமல் இருப்பது. சிறு துண்டுகளாக நறுக்கி, அடி கனமான பாத்திரத்தில் மிகக் குறைந்த தீயில் வைத்து, அவ்வப்போது கிளறிக்கொண்டே இருந்தால் மெல்ல உருகும். தொடக்கத்தில் எழும் குமிழ்கள் கொழுப்பிலுள்ள தண்ணீர் ஆவியாவதைக் காட்டுகின்றன. அவை அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கொழுப்பு நிறம் மாறிக் கருகல் வாடை ஏறும். குமிழ் அடங்கி, சக்கை பொன்னிறமாகச் சுருங்கியதும் மெல்லிய துணியில் வடிகட்டினால், ஆறியபின் வெண்மையாக உறையும்.

தண்ணீர் சேர்த்து உருக்கும் முறையும் உண்டு. கருகும் ஆபத்து அதில் குறைவு. ஆனால் உறைந்த கொழுப்பை எடுத்து, அடியில் தங்கிய நீரைத் துடைத்துவிட்டு, மறுபடியும் உருக்கிக் குமிழ் அடங்கும்வரை காய்ச்சாவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

என்ன விகிதத்தில் கலக்க வேண்டும்?

எடைக்கு எடை சமமாக. 1801இல் தம் பயணக் குறிப்புகளை வெளியிட்ட அலெக்சாண்டர் மெக்கன்சி, வடக்கே வாழும் தொல்குடியினரான டெனே மக்கள் சம அளவில் கலந்ததாகவும், உப்போ மசாலாவோ மாவோ சேர்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். கிண்ணத்தால் அளந்தால் ஏமாந்துபோவோம். தூள் பஞ்சாக இருப்பதால் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். கொழுப்பு கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போதே சிறிது சிறிதாக ஊற்றிப் பிசறி, எல்லாத் துகளும் நனைந்தபின் தட்டில் அழுத்தி ஆறவிட்டுத் துண்டு போடலாம். தூள் உதிரியாக இருந்தால் கொழுப்பு போதவில்லை என்று பொருள்.

பழம், உப்பு, தேன் சேர்க்கலாமா?

புல்வெளி மக்கள் சாஸ்கட்டூன் பழத்தையும் சோக்செர்ரியையும் உலர்த்திச் சேர்த்தார்கள். பழமும் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்த வகையை உயர்ந்ததாகவும் கருதினார்கள். சோக்செர்ரியின் கொட்டையில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. கொட்டையோடு இடித்துக் காயவைக்கும் வழக்கம் தலைமுறைகளின் அறிவோடு வந்தது, ஆகையால் அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் கொட்டையை நீக்கிவிடுவதே நல்லது. கடையில் விற்கும் உலர்ந்த பழங்கள் பெரும்பாலும் மென்மையாக, ஈரத்தோடுதான் இருக்கும். அவற்றை மேலும் உலர்த்தி, விரலால் நசுக்கினால் நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே சேர்க்க வேண்டும்.

உப்பு சுவைக்கு மட்டும். பாதுகாப்புக்கு அது இங்கே தேவையில்லை. தேனையும் பேரீச்சம்பழத்தையும் சேர்க்கும் இக்காலச் செய்முறைகளை நான் பரிந்துரைப்பதில்லை. தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பேரீச்சை தன் ஈரத்தைத் தூளுக்குக் கொடுக்கும். அவ்வாறு செய்தது சுவையான தின்பண்டமாக இருக்கலாம், ஆனால் அதைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாள்களில் தீர்த்துவிட வேண்டும்.

நம் ஊர் உப்புக்கண்டத்தை இடித்துக் கொழுப்பில் கலந்தால் போதாதா?

உப்புக்கண்டம் வேறொரு நெறியில் நிற்கும் உணவு. உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்துக் கொடியில் வெயிலுக்குக் கட்டும் ஆட்டுக்கறியை உப்பும் வெயிலும் சேர்ந்து காக்கின்றன. பின்னர் எண்ணெயில் பொரித்தோ குழம்பில் இட்டோ சமைத்துத்தான் உண்கிறோம். பெம்மிகன் அப்படியே உண்ணப்படுவது. மேலும், உப்புக்கண்டத்தின் துண்டுகள் கனமாக இருப்பதால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்பது உண்டு, உப்பின் அளவும் கொழுப்போடு சேர்த்துத் தின்ன முடியாதபடி மிகுந்திருக்கும். இரண்டையும் அதனதன் முறையில் செய்வதே சரி.

எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

தோல் பையில் மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்தது சில ஆண்டுகள் தாங்கியது என்பதற்குப் பழைய பதிவுகள் உண்டு. அவை நீண்ட குளிர்காலம் உள்ள, காற்று வறண்ட நிலப்பகுதியின் பதிவுகள். மாட்டுக் கொழுப்பு 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே இளகத் தொடங்கும் என்பதால், சென்னையின் சித்திரை வெயிலிலும் யாழ்ப்பாணத்தின் ஈரக்காற்றிலும் அலமாரியில் வைக்க முயல வேண்டாம். காற்றுப் புகாதபடி சுற்றி, குளிர்பெட்டியில் சில மாதங்களுக்கும், உறைபெட்டியில் அதைவிட நீண்ட நாளும் வைக்கலாம். தொண்டையைப் பிடிக்கும் காறல், எண்ணெய்ச் சிக்கு வாடை, பூஞ்சைப் புள்ளி, கையில் படும் ஈரப்பிசுபிசுப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். பூஞ்சை பிடித்த ஓரத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை உண்பது கூடாது.

எப்படி உண்பது? சுவை எப்படி இருக்கும்?

துண்டாக்கி அப்படியே மெல்லலாம். சுவை பழகச் சிறிது காலம் ஆகும் என்று மெக்கன்சியே எழுதியிருக்கிறார். மெழுகு போன்ற கொழுப்பு அண்ணத்தில் ஒட்டுவது முதலில் பலருக்குப் பிடிப்பதில்லை. சூடாக உண்டால் அந்தத் தயக்கம் பெரிதும் குறையும். மாவும் தண்ணீரும் சேர்த்துக் கஞ்சிபோல் கொதிக்கவைத்ததை மேட்டி மக்களும் படகோட்டிகளும் ரபபூ என்றார்கள். உருளைக்கிழங்கோ வெங்காயமோ கிடைத்தால் அதில் சேரும். தென்துருவப் பயணிகள் இதனோடு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு, உருக்கிய பனிநீரில் காய்ச்சிக் குடித்தார்கள்.

இதை மட்டுமே உண்டு வாழ முடியுமா?

சத்து அடர்த்தியில் இதற்கு இணையான உணவு குறைவு: சம எடையில் கலந்த 100 கிராமில் ஏறத்தாழ 600 முதல் 650 கிலோகலோரி இருக்கிறது. கொழுப்பு இருப்பது சுவைக்காக மட்டும் அன்று. கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் நாள்கணக்கில் உண்டால் வயிற்றுப்போக்கும் சோர்வும் ஏற்பட்டு உடல் மெலியும். முயல் இறைச்சியை நம்பிய வேடர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆனால் இதில் வைட்டமின் சி மிகக் குறைவு. நீண்ட பயணங்களில் இதையும் பிஸ்கட்டையும் மட்டும் நம்பியவர்களுக்கு ஸ்கர்வி நோய் அச்சம் எப்போதும் இருந்தது. 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை அடைந்த அமுண்ட்சன், தம் குழுவின் பெம்மிகனில் உலர்ந்த காய்களையும் ஓட்ஸையும் சேர்த்திருந்தார். வழக்கமான உணவு உண்டுவந்தவர்களுக்கு அது வயிற்றுக்கு இசைவாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் காலாட்படை வீரர்களுக்குத் திடீரென்று பெம்மிகனை மட்டும் கொடுத்துக் குளிரில் சோதித்தபோது, சில நாள்களுக்குள் அவர்கள் கடமையாற்ற முடியாதபடி சோர்ந்தார்கள். பழகிய உடலுக்கும் பழகாத உடலுக்கும் வேறுபாடு உண்டு என்று ஆர்க்டிக் பயணி வில்ஹ்ஜால்மர் ஸ்டெஃபான்சன் இதை மறுத்து வாதிட்டார். நம்மைப் போன்றவர்களுக்கு இது மலையேற்றத்திலோ நெடும்பயணத்திலோ மற்ற உணவுகளுக்குத் துணையாக அமைவதே தகும். இதயநோய், பித்தப்பைக் கோளாறு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது.

இன்றும் யாராவது செய்கிறார்களா?

செய்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் வணிகத்துக்காகவும், தொல்குடி மக்களின் வாழ்வாதாரத்தை அறுப்பதற்காகவும் பைசன்கள் கொன்று குவிக்கப்பட்டன. 1889இல் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே எடுத்த கணக்கில் வட அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியவை 1,091 மட்டுமே. மூலப்பொருளே இல்லாமல் போனபின் பெம்மிகன் வணிகமும் மறைந்தது. ஆனாலும் குடும்பங்களுக்குள் அறிவு அறுபடவில்லை. லக்கோட்டா வீடுகளில் சடங்குகளுக்கும் விருந்துகளுக்கும் வஸ்னா இடிக்கப்படுகிறது. தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் பகுதியில், அதை அடியொற்றிப் பைசன் இறைச்சியும் கிரான்பெர்ரியும் சேர்ந்த உணவுக்கட்டிகளைத் தொல்குடியினர் நடத்தும் நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழங்குடிகளும் பூங்காக்களும் வளர்க்கும் பைசன் மந்தைகள் இப்போது மீண்டும் பெருகி வருவதால், மாட்டிறைச்சியை நாட வேண்டியிருந்த குடும்பங்களில் சிலவற்றுக்கு மறுபடியும் பைசன் இறைச்சியும் அதன் கொழுப்பும் கிடைக்கின்றன.